செவலையின் ஈரல்

நாமகிரிப்பேட்டை,
11-12-1977

தம்பி தண்டாயுதபாணிக்கு,

அக்கா ராமாத்தாள் எழுதறேன். எல்லாரும் சொகம்னு எழுதக் கை வரலை. நீ உன்ற மச்சானோட பேச்சை முறிச்சுட்டுப் போய் ரெண்டு பொங்கல் ஆச்சு. மாட்டு டாக்டருக்குப் படிச்சவன், வந்து நம்ம கோழிப்பண்ணையைப் பாத்துக்குவேன்னு அவுங்க நெனச்சாங்க. நீ மெட்ராசுலயே ஆராய்ச்சின்னு நின்னுட்டே. "நாய்க்கு ஊசி போடறவனுக்கு இத்தனை ரோசமா"ன்னு அவுங்க கேட்டதும் தப்புதான். பாதிச் சோத்துல கை கழுவிட்டு நீ எந்திரிச்சதும் தப்புதான். அதைப் பேசறதுக்கு இந்தக் கடுதாசி இல்லை.

நாய்க சாகுது தம்பி.

மொதல்ல கெணத்துமேட்டு மாரியப்பன் நாய் செத்துச்சு. மசை புடிச்சு வெறி ஏறியிருக்கும்னு யாரும் கண்டுக்கலை. அப்பறம் பண்ணை ஆளுக குடியிருக்கற வளவுல ஒண்ணு மாத்தி ஒண்ணு. இப்ப நம்ம செவலை. கண்ணு முழி மஞ்சக் கெழங்கு தேச்ச மாதிரி இருக்குது. வயிறு உப்பிப் பானையாட்டம் தொங்குது. திங்கறதையெல்லாம் கக்குது. மசை நாயின்னா தண்ணியக் கண்டா மெரளும்ல? இது தண்ணித் தொட்டியை விட்டு நகரவே மாட்டேங்குது.

ராசிபுரத்துல இருந்து மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டியாந்து காட்டினேன். வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, "ஈரல் கெட்டுப்போச்சும்மா, இனி ஊசி வீண்"னுட்டாரு. எதுனால கெட்டுச்சுங்கன்னு கேட்டேன். அது அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்னாரு.

செவலையும் சுட்டியும் ஒரே ஈத்துக் குட்டிக. உனக்குத் தெரியும். சுட்டி ஊட்டுக்குள்ளயே என்ற காலைச் சுத்திக் கெடக்குது, அதுக்கு ஒரு கொறையும் இல்லை. செவலை தோட்டத்துச் சாளையில காவலுக்குக் கெடக்குது. ஒண்ணுக்கு வந்து இன்னொண்ணுக்கு வராத சீக்கு என்ன சீக்கு?

அறுக்காம ஈரலைப் பாக்க உங்க ஊர்ல வழி இருந்தா எழுது. நான் எழுதினது அவுங்களுக்குத் தெரியும். தடுக்கலை. 

அக்கா


சென்னை,
18-12-1977

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துதான் பிரித்தேன். நாய் என்று படித்ததும் முதலில் ஒரு நிம்மதி வந்தது. இரண்டாம் முறை படித்தபோது அந்த நிம்மதி போய்விட்டது.

அறுக்காமல் பார்க்க வழி இருக்கிறது. நான் இங்கே செய்துகொண்டிருப்பதே அதுதான். மச்சான் கேலி செய்த ஆராய்ச்சி அது.

இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனிதர்களின் ஈரலைப் படம் பிடிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரே அல்ல. எக்ஸ்ரேயில் உறுப்பின் நிழல்தான் தெரியும், அது வேலை செய்கிறதா என்று தெரியாது. இதில் கதிர்வீசும் மருந்தைத் துளியளவு நரம்பில் ஏற்றுவோம். ஈரல் அதை எடுத்துக்கொள்கிறதா, எடுத்ததை வெளியே தள்ளுகிறதா என்று இயந்திரம் உடம்புக்கு வெளியே இருந்தபடியே காட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகள் வராத நேரத்தில் நாய்களுக்கு எடுத்துக்கொள்ள எங்கள் பேராசிரியர் அனுமதி வாங்கியிருக்கிறார். பின்வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

செவலையை அனுப்ப முடியுமா? மெட்ராசுக்கு முட்டை ஏற்றிவரும் தங்கசாமி லாரியில் ஏற்றிவிட்டால் கொத்தவால்சாவடியில் நான் நின்று இறக்கிக்கொள்வேன்.

இன்னொன்று. செவலை என்ன தின்கிறது, சுட்டி என்ன தின்கிறது என்று விவரமாக எழுதுங்கள்.

மச்சானை விசாரித்ததாகச் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். சொல்லுங்கள்.

தம்பி
தண்டாயுதபாணி


நாமகிரிப்பேட்டை,
2-1-1978

தம்பிக்கு,

தங்கசாமி கிட்டச் சொல்லி, செவலையைச் சாக்கு விரிச்சு கிளீனர் காலடியில படுக்கப்போட்டுத் தாட்டிவிட்டிருக்கறேன். வண்டில ஏத்தறப்ப மொனகக்கூட இல்லை. தலைய மட்டும் தூக்கி என்னைப் பாத்துச்சு. கொன்னு போடமாட்டியே சாமி? படம் மட்டுந்தானே?

தீனி கேட்டிருந்தே. சுட்டிக்கு நாங்க திங்கற அரிசிச் சோறும் மோரும். செவலைக்குச் சாளையில ஆளுக காச்சற கூழுல மீந்தது. மக்காச்சோளக் கூழு. இந்த வருசம் கோழித்தீவனத்துக்குன்னு அவுங்க ரெண்டு வயல் மக்காச்சோளம் போட்டாங்க. அறுத்துக் களத்துல குமிச்சிருந்தப்பத்தான் அந்த அடைமழை புடிச்சுது. ஒரு வாரம் பொழுதே தெரியலை. மூடின தார்ப்பாய்க்குள்ளயே சோளக் கருது ஆவி பறக்கக் கெடந்து வெந்துச்சு. வெயில் வந்தப்பறம் ஒதறிக் காயவெச்சாங்க. பச்சையா ஒரு பூசணம் இருந்தது, தேச்சா போயிருச்சு. ஆளுகளுக்குக் கூலியா அதைத்தான் அளக்கறோம். 

செவலைய வண்டியேத்த ஒத்தாசைக்கு நம்ம பண்ணையாளு பச்சமுத்து வந்தான். அவன் பொண்டாட்டி பெருமாயியும் கூட நின்னா. அவ மக செல்லிக்கும் ஒடம்பு சரியில்லையாம். வயிறு உப்பிக் கெடக்குதாம். மாந்தம்னு கோயில்ல மந்திரிச்சிருக்கறா. பாவம், அந்தப் புள்ளை செவலை கூடத்தான் எப்பவும் வெளையாடும். நாயி எங்கே போகுதுன்னு கேட்டு அழுதுச்சாம்.

படம் எடுத்ததும் எழுது.

அக்கா


சென்னை,
16-1-1978

அன்புள்ள அக்காவுக்கு,

செவலை நேற்று இறந்துவிட்டது. நான் கொல்லவில்லை. இதை முதலில் எழுதவேண்டும் என்று தோன்றியது.

போன ஞாயிறு அதை இயந்திரத்தின் கீழ் படுக்கவைத்தோம். கால் நரம்பில் ஏற்றியது ரோஜா நிறத்தில் ஒரு சாயம். அதில் கதிர்வீசும் அயோடினைக் கோத்திருப்பார்கள். நல்ல ஈரலாக இருந்தால் அந்தச் சாயத்தை ரத்தத்திலிருந்து உறிஞ்சிப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளிவிடும். இயந்திரத்தின் தலை நாயின் மேலே ஏர் ஓட்டுவதுபோல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும். கதிர் வருகிற இடத்திலெல்லாம் காகிதத்தில் புள்ளி தட்டும். டக் டக்கென்று சத்தம் கேட்கும். ஈரல் வருகிற இடத்தில் அந்தச் சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி நெருங்கிவரும்.

செவலைக்கு வரவில்லை. ஈரல் இருக்கவேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். சாயமெல்லாம் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டு இருந்ததால் இதயம்தான் கறுப்பாகத் தெரிந்தது. மறுநாள் விடியற்காலையில், நோயாளிகள் வருவதற்கு முன்பே மறுபடி எடுத்தோம். குடலுக்கு ஒன்றுமே இறங்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே ஈரல் இல்லாத நாயாகிவிட்டது அது.

இறந்த பிறகு அறுத்துப் பார்த்தேன். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. கிருமி வேலை அல்ல. விஷம். ஈரத்தில் பூசணம் பிடித்த தானியத்தில் ஒரு நஞ்சு ஊறும். தேய்த்தாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. மூன்று வருடம் முன்பு வடக்கே மலைவாசி கிராமங்களில் இப்படித்தான் நடந்தது. மழையில் நனைந்த மக்காச்சோளம். அங்கேயும் முதலில் செத்தது நாய்கள்தான்.

அங்கே நாய்களோடு நிற்கவில்லை, அக்கா.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தச் சோளத்தை அளப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பெருமாயி மகளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லுங்கள். மந்திரித்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல இது.

தண்டாயுதபாணி


நாமகிரிப்பேட்டை,
30-1-1978

தம்பி,

உன்ற கடுதாசி வர்றதுக்கு மொதநாளே செல்லி போயிருச்சு. ரத்தமா வாந்தி எடுத்துச்சாம். வளவுல இருந்து ஒப்பாரிச் சத்தம் நம்மூட்டு வாசல் வரைக்கும் கேட்டுது. நான் போனப்பப் பாயில கெடத்தியிருந்தாங்க. கண்ணை மூடியிருந்தாங்க, ஆனாலும் எமையோரம் மஞ்சள் தெரிஞ்சுது.

கடுதாசியை அப்படியே உன்ற மச்சான் முன்னால வெச்சேன். படிச்சாங்க. "நாய்க்குப் படம் எடுத்தவன் சோளத்துல வெஷம்னு எப்படிச் சொல்றான்? சோளத்துக்கும் படம் எடுத்தானா?"ன்னாங்க. 

"அவன் அறுத்தும் பாத்திருக்கறான்ங்க."

"அறுத்தா ஈரல் கெட்டது தெரியும். எதுனால கெட்டுதுன்னு ஈரல்ல எழுதியா இருக்கும்? கோழிக நல்லாத்தானே இருக்குது?"

நானும் அதைத்தான் நெனச்சேன், தம்பி. கோழி நல்லாத்தானே இருக்குதுன்னு. பொழுதோட பண்ணைக்குப் போய் தீவனம் வெக்கறவனைக் கேட்டேன். "அந்தச் சோளம் கோழிக்கு வெக்கறதில்லீங்களே ஆத்தா. மழைக்கப்பறம் கொஞ்ச நாள் வெச்சோம். முட்டை கொறஞ்சுபோச்சு, கோழி கொண்டை வெளுத்துருச்சு. கவுண்டரு நிறுத்திப்போடுன்னாருங்க. இப்ப வெளியில வாங்கற சோளந்தான்"னு சொல்றான்.

கோழிக்கு ஆகாதுன்னு தள்ளினதைத்தான் ஆளுகளுக்கு அளந்திருக்கறாங்க.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல நான் அப்படிக் கத்தினதில்லை. அவுங்க கத்தலை. "கோழி நோஞ்சான் வயித்துச் சாதி. மனுசன் எதையும் செரிப்பான். நானும் சின்னதுல பூசணக் கம்பு தின்னு வளந்தவன்தான்"னாங்க. அப்பறம், "சின்னுசாமிக் கவுண்டன் பண்ணையில வெஷம்னு ஒருக்கா பேரு வந்துட்டா முட்டை எடுக்க ஒரு லாரி வாசல்ல நிக்காது. உன்ற தம்பிக்கு அது தெரியுமா?"ன்னாங்க.

பயப்படறாங்க. அது எனக்குத் தெரியுது. ஆனா நிறுத்தலை. நல்ல சோளத்தோட பாதிக்குப் பாதி கலந்து அளக்கச் சொல்லியிருக்கறாங்க.

சோளத்துனாலதான்னு அடிச்சுச் சொல்ல என்ன வேணும்? சொல்லு, நான் தாட்டிவிடறேன்.

ராமாத்தாள்


சென்னை,
8-2-1978

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாயின் படத்தை வைத்து எந்த அதிகாரிக்கும் கையெழுத்துப் போட்டு எழுதமாட்டேன் என்கிறார். விவசாய இலாகாவுக்கு நானே எழுதினேன். பதில் இல்லை.

தானியத்தில் நஞ்சைச் சோதிக்கும் வசதி எங்களிடம் இல்லை; அடித்துச் சொல்ல என் கையில் இருப்பது ஒரே வழிதான். நல்ல ஈரலோடு இருக்கும் நாய் ஒன்று வேண்டும். முதலில் அதற்குப் படம் எடுக்கவேண்டும். பிறகு அந்தச் சோளத்தையே தீனியாகப் போட்டு, வாரம் ஒருமுறை படம் எடுத்துக்கொண்டே வரவேண்டும். படத்தில் ஈரல் மங்கினால் பிறகு யாரும் வேறு காரணம் சொல்ல முடியாது. செவலையோடு பிறந்த நாயாக இருந்தால், அது பிறவிக்கோளாறு என்று சொல்லவும் வழியிருக்காது.

நான் கேட்பது என்ன என்று உங்களுக்குப் புரியும். மறுத்தால் நான் மறுபடி கேட்கமாட்டேன்.

தண்டாயுதபாணி


நாமகிரிப்பேட்டை,
15-2-1978

தம்பி,

தங்கசாமி வண்டில சுட்டி வருது. கூட ஒரு மூட்டைச் சோளம்.

அது எங்கயும் தனியாப் படுத்ததில்லை. பழைய சேலை ஒண்ணு வெச்சிருக்கறேன், போட்டு விடு.

அக்கா


சென்னை,
5-4-1978

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் படத்தில் சுட்டியின் ஈரல் அத்தனை தெளிவாக இருந்தது. சாயம் ஏறிய சற்று நேரத்திலேயே காகிதம் கறுத்துவிட்டது. பிறகு பித்தப்பை, அப்புறம் குடல் என்று வரிசையாக இறங்கியது. உதவிக்கு இருந்தவர், "பாடப்புத்தகத்தில் போடலாம் சார்" என்றார்.

சோளக்கூழைத் தின்ன ஆரம்பித்து இரண்டு வாரம் வரை வித்தியாசம் இல்லை. மூன்றாவது வாரப் படத்தில் ஓரங்கள் கரைந்தன. நான்காவதில் இதயம் தெரிய ஆரம்பித்தது. இந்த ஞாயிறு எடுத்ததைச் செவலையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் போகிற வழி அதேதான். பேராசிரியர் இரண்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். இப்போது கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

நேற்றோடு சோளத்தை நிறுத்திவிட்டேன். பாலும் சோறும் தருகிறோம். பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. கூண்டைத் திறந்தால் இன்னும் வாலை ஆட்டுகிறது. கூழ்த் தட்டைக் கொண்டுபோன ஒவ்வொரு நாளும் அப்படித்தான் ஆட்டியது.

பேராசிரியரின் கடிதம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறது. அது நகர்வதற்கு நாளாகும். மீதிச் சோளத்தை எரித்துவிடுங்கள். மச்சானுக்குத் தனியாக ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

தம்பி


நாமகிரிப்பேட்டை,
16-4-1978

தம்பி,

எரிச்சுட்டேன்.

உன்ற கடுதாசியை அவுங்க படிச்சுட்டு மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுட்டு, நாமக்கல் போற பஸ்ஸைப் புடிச்சுப் போயிட்டாங்க. நிறுத்துன்னும் சொல்லலை, நிறுத்தாதேன்னும் சொல்லலை. வந்தா என்ன சொல்லுவாங்களோன்னு நான் காத்திருக்கலை. சீமெண்ணெய் டின்னை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். தீவனம் வெக்கறவனை விட்டு மூட்டைகளைக் களத்துல கொட்டச் சொல்லி நானே பத்தவெச்சேன்.

பொகையப் பாத்துட்டு வளவே வந்துருச்சு. எல்லாரும் என்னைக் கும்புடுவாங்கன்னு நெனச்சனோ என்னமோ. ஒருத்தரும் என்னைப் பாக்கவே இல்லை. சித்திரை மாசம், காட்டுல வேலை இல்லை, ஊட்டுல ஒரு மணி தானியம் இல்லை. கெழவிக மொத்தமா விழுந்து குச்சியால தீயைக் கலைச்சு, கருகாத சோளத்தை முந்தானையில அள்ளறாங்க. கை சுடுது, விடமாட்டேங்கறாங்க. "வெஷம், எடுக்காதீங்க"ன்னு கத்தினேன். மாரியப்பன் பொண்டாட்டி திரும்பி, "அப்ப நல்லது எதுங்க ஆத்தா? அதைக் கொண்டாங்க"ன்னா.

ஊட்டுக்கு ஓடி எங்க அரிசியையும் ராகியையும் தூக்கியாந்து வாசல்ல வெச்சேன். குதிரு காலி. அதுக்கப்பறந்தான் முந்தானைல இருந்ததைக் கொட்டினாங்க. 

பெருமாயி மட்டும் எதுவும் வாங்க வரலை. தனியா நின்னுட்டிருந்தா. நான் பக்கத்துல போய், நாயிக படத்துல எல்லாம் தெரிஞ்சுருச்சு பெருமாயி, சோளந்தான் காரணம்னு தெரிஞ்சுருச்சுன்னு சொன்னேன். கேட்டுட்டு மெதுவாத்தான் பேசினா. 

"ஏனுங்க ஆத்தா, அந்த மிஷினு நாயிக்குனு வாங்கினதுங்களா?"

"இல்லை. மனுசருக்கு வாங்கினது."

"அப்பச் செவலை போன வண்டியிலயே எம் புள்ளையும் போயிருக்கலாமுங்களே."

தம்பி, செவலைய வண்டில ஏத்தறப்ப அவ அங்கதான நின்னா. புள்ளை வயிறு உப்பிக் கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். உனக்கு எழுதவும் செஞ்சேன். நாயிக்குச் சாக்கு விரிச்சேன். நீயும் அங்க சுட்டியை வெச்சு வாரம் ஒரு படம் எடுத்துக்கிட்டு இருந்தே. அந்த வாரமெல்லாம் இங்க ஆளுக அதையேதான் தின்னுட்டு இருந்தாங்க. உன்னைக் குத்தம் சொல்லலை. சொல்லாமலும் இருக்க முடியலை.

இப்பப் பச்சமுத்து கண்ணும் மஞ்சளாயிருச்சு. காலு வீங்கியிருக்குது. அவனையும் பெருமாயியையும் கூட்டிக்கிட்டுச் சேலம் ஜங்சன்ல ரயிலேறி வாரேன். சூரமங்கலத்துல, எனக்குப் படிப்புச் சொல்லிக்குடுத்த ஜானகியம்மாள் டீச்சர் ஊட்டுல ஒரு நாள் தங்கிட்டுக் கெளம்பறோம். ஞாயித்துக்கெழமை வேண்டாம். பின்வாசல் வேண்டாம். மனுசரு போற நாள்ல, மனுசரு போற வழியில கூட்டிட்டுப் போ.

அக்கா


சென்னை,
14-5-1978

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ட்ரல் ஸ்டேஷனில் உங்களை வண்டியேற்றியபோது பெருமாயி பக்கத்திலேயே இருந்ததால் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. நீங்களும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டீர்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பச்சமுத்துவின் படம் செவலையின் படம்போலவே இருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் கொடுத்த மாத்திரைகள் காலில் இருக்கும் நீரைக் கொஞ்சம் வடிக்கும். அவ்வளவுதான். உப்பில்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள். சேலத்தில் காட்டவேண்டிய இடத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி ஆசை காட்டாதீர்கள்.

நீங்களும் பெருமாயியும் வெளியே பெஞ்சில் இருந்தீர்கள். உள்ளே நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். பச்சமுத்து மேஜையில் படுத்து, மேலே இருந்த இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"செவலை படுத்தது இதுலதானுங்களா சாமி?"

"ஆமாங்க" என்றேன்.

"கத்துச்சுங்களா?"

"இல்லைங்க. மயக்க மருந்து கொடுத்திருந்தோம்."

"எனக்கு வேண்டாமுங்க. நான் அசையாமப் படுத்துக்கறேன்" என்றார். அப்படியே படுத்திருந்தார். இயந்திரம் டக் டக்கென்று போய்வந்துகொண்டிருந்தது. ஈரல் பக்கம் வந்ததும் சத்தம் நெருங்கும் நெருங்கும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு நின்றதுபோல் நின்றதில்லை. 

முடிந்ததும் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, "நல்லாத் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். தெரிந்தது என்று சொன்னேன். "செல்லிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமுங்களா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

போன கடிதத்தில் என்னைக் குற்றம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அது சரிதான். பேராசிரியர் கையெழுத்துக்காகக் காத்திருந்தேன் என்பது உண்மை. மங்கிக்கொண்டே வரும் படங்களைப் பார்த்து, என் ஆராய்ச்சி சரியாக வருகிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் என்பதும் உண்மை.

சுட்டி தேறிவருகிறது. இந்த வாரப் படத்தில் ஈரலில் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. வேண்டுமென்றால் தங்கசாமி வண்டியில் அனுப்புகிறேன். 

தம்பி


நாமகிரிப்பேட்டை,
2-7-1978

தம்பிக்கு,

பச்சமுத்து ஆனி பொறந்து கொஞ்ச நாள்ல போயிட்டான். கடைசி வரைக்கும் நெனவு இருந்தது. நீ சொன்ன மாதிரி உப்பில்லாமத்தான் குடுத்தோம், ஆசை காட்டலை. அதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்லை.

சுட்டியைத் தாட்டிவிடாதே. எனக்கு அது இல்லாம ஊடு வெறிச்சுன்னுதான் இருக்குது. ஆனா பொழைச்ச நாயை இந்த வாசல்ல கட்டிவெச்சு, பெருமாயி தெனம் அதைப் பாத்துக்கிட்டுப் போகணுமா? அங்கயே இருக்கட்டும். இனி அதுக்கு ஊசி போடாதே.

கலெக்டர் ஆபீசுல இருந்து யாரோ ஒருத்தரு ஜீப்புல வந்தாரு. எரிச்ச எடத்தைப் பாத்தாரு. சோளம் எங்கேன்னு கேட்டாரு. எரிச்சாச்சுன்னு சொன்னதுக்கு, அப்ப எதை எடுத்துட்டுப் போயிச் சோதிக்கறதுன்னு சலிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

உன்ற மச்சான் எங்கூடப் பேசறதில்லை. எரிச்சதுக்கா, வளவுக்கு முன்னால அவுங்களை எறக்கிப்போட்டதுக்கா, தெரியலை. பச்சமுத்தை எடுத்தப்பச் சுடுகாட்டு வேலியோரம் தனியா நின்னுட்டிருந்தாங்கன்னு தங்கசாமி சொன்னான். கிட்டப் போகலையாம், ஊட்டுக்கும் வரலையாம். எல்லாம் கலைஞ்சப்பறம் வெகுநேரம் கழிச்சுத்தான் வந்தாங்க.

முந்தாநேத்து நடந்ததை எழுதத்தான் உக்காந்தேன். கோடைப் போகத்துச் சோளம் அறுத்தாச்சு. நல்ல வெயில்ல காஞ்சது, கல்லாட்டம் இருக்குது, நானே கையால அளைஞ்சு பாத்தேன். சாயங்காலம் களத்துல கூலி அளக்க அவுங்க வள்ளத்தை எடுத்துக்கிட்டு உக்காந்தாங்க. ஆளுக எல்லாம் கூடையோட வந்து நின்னாங்க. மொதல்ல பெருமாயி. புருசனும் புள்ளையும் போனப்பறம் அன்னைக்குத்தான் மொதமொதலா வேலைக்கு வந்திருந்தா.

அவுங்க வள்ளம் நெறைய மொண்டு நீட்டினாங்க. அவ கூடையை நீட்டாமக் கீழ வெச்சா.

"என்ன?"ன்னாங்க.

"மொதல்ல நீங்க தின்னுங்க"ன்னா.

சத்தம் போட்டுச் சொல்லலை தம்பி. கோவமாவும் சொல்லலை. பின்னால நின்னவுங்க எல்லாரும் கூடையைக் கீழ வெச்சுட்டாங்க. இவுங்க எந்திரிச்சு அடிப்பாங்க, இல்லாட்டி இனி யாரும் இந்தத் தோட்டத்துல கால் வெக்கக் கூடாதுன்னு தொரத்துவாங்கன்னு நெனச்சேன். மொகம் அப்படித்தான் செவந்துச்சு. என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் எறங்கிப் போய்ப் பெருமாயி பக்கத்துல நின்னுக்கிட்டேன்.

அவுங்க வள்ளத்துக்குள்ள கைய விட்டு ஒரு புடி எடுத்தாங்க. வாயில போட்டாங்க. காஞ்ச சோளம், பச்சையா. பல்லுல படற சத்தம் எங்க எல்லாத்துக்கும் கேட்டுது. மென்னாங்க, மென்னாங்க, முழுங்க முடியலை. கண்ணுல தண்ணி வந்துருச்சு. தொண்டை அடைச்சதுனாலயா வேற எதுனாலயான்னு நான் கேக்கலை, இனியும் கேக்கமாட்டேன். ஒருத்தரும் தண்ணி கொண்டாந்து குடுக்கலை. நானுந்தான்.

கடைசி மணியை முழுங்கற வரைக்கும் பெருமாயி அவுங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறந்தான் குனிஞ்சு கூடையை எடுத்தா.

ராமாத்தாள்